நினைவு நின்ற நாள்

செம்மொழி வயலுக்கென்று உருப்படியாகச் செய்த உதவி ஒன்றே ஒன்றுதான். அந்த உதவிதான் அவளுடைய அண்ணன் வீரையனைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் போட்டது.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே அவர்களுக்கு ஐந்து மா நிலம். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். அப்பா காலத்தில்தான் சொந்த மண் வந்தது. வீரையன் பத்தாவதோடு படிப்பை விட்டு மண்வெட்டியைப் பிடித்தான். தங்கச்சி படித்தாள், தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் நூலகர் ஆனாள், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொண்டாள். நிலம் இருவர் பேரிலும் இருந்தது. சேறு மட்டும் ஒருவன் காலில் இருந்தது. அறுப்பு முடிந்ததும் அரிசி மூட்டை அண்ணன் தோளில் ஏறி அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கும். அவள் காபி போட்டுக் கொடுப்பாள்.

பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தபோது வீரையன் விளையாட்டாகத்தான் கேட்டான். "ஒனக்கென்ன பாப்பா, அரிசி வந்தா ஒலையில போடத் தெரியும். அதுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "என்ன செய்யணும்னு சொல்லேன், செய்றேன்" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே, ஆழ்துளைப் போர் மோட்டாருக்குப் புதிதாக மாட்டியிருந்த செல்போன் ஸ்டார்ட்டரில் அவளுடைய எண்ணையும் பதிந்துவிட்டான். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. கரண்ட் வந்தால் பெட்டியே கூப்பிட்டுச் சொல்லும். பதிந்த எண்ணிலிருந்து நாம் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால், எந்த ஊரில் இருந்தாலும் சரி, வயலில் தண்ணீர் கொட்டும். பதிந்து கொடுத்தவன் அதை அன்றைக்கே மறந்துவிட்டான். ரோஷக்காரி மறக்கவில்லை.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. நாற்றங்கால் போரை நம்பிக் கிடந்தது. அன்று ராத்திரி முழுக்க ஊரில் கரண்ட் இல்லை, நாற்று காய்கிறது என்று அண்ணி வேம்பு விடிந்ததும் போனில் புலம்பினாள். செம்மொழி குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியிடமிருந்து ஒரு மிஸ்டு கால். கரண்ட் வந்துவிட்டது. அண்ணன் போட்டிருப்பான் என்று சாம்பாரை இறக்கினாள், டப்பாவில் சோற்றை அடைத்தாள். பிறகுதான், ஒருவேளை போடாமல் இருந்தால் என்று தோன்றியது. பெட்டியைக் கூப்பிட்டாள். மோட்டார் ஓடவில்லை என்றது பெட்டியின் பெண் குரல். ஒன்றை அழுத்தினாள். மோட்டார் இயக்கப்பட்டது என்றது. செம்மொழிக்கு அப்படி ஒரு பெருமை. சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டு, தண்ணி எங்கேருந்து வந்துச்சு சொல்லு பார்ப்போம் என்று வம்புக்கு இழுக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வீரையன் மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து, எலி கடித்த ஒயரைக் கையால் முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய போன் சார்ஜ் இல்லாமல் வீட்டில் செத்துக் கிடந்தது. கரண்ட் வந்ததே அவனுக்குத் தெரியாது. வந்தால்தான் என்ன? தான் கூப்பிடாமல் மோட்டார் ஓடாது. ஓடாத வரைக்கும் அந்த ஒயரில் கரண்ட் ஏறாது. அந்த நம்பிக்கையில் ப்யூஸைப் பிடுங்காமலே கை வைத்துவிட்டான்.

செம்மொழி டப்பாவைப் பையில் வைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே வேம்புவின் போன் வந்தது. பேச்சு இல்லை, அலறல்தான்.

அடுத்த வயல்காரன் யூனுஸ்தான் பார்த்திருக்கிறான். தன் நாற்றங்காலைப் பார்க்க வந்தவன், கொட்டகை வாசலில் நீட்டிக் கிடந்த காலைக் கண்டு ஓடி, ப்யூஸைப் பிடுங்கி எறிந்து, ஆளை வெளியே இழுத்துப் போட்டான். நாடி இல்லை, மூச்சில்லை. யூனுஸ் சவூதியில் ஒரு கம்பெனியில் இருந்தவன். அங்கே வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் பொம்மையை வைத்து நெஞ்சை அமுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் 108 வரும்வரை விடாமல் அமுக்கினான். அமுக்கியபடியே அவன் போட்ட சத்தத்தில்தான் வேம்பு ஓடிவந்து பார்த்தாள். வண்டியில் ஷாக் கொடுத்ததும் இதயம் திரும்ப ஓட ஆரம்பித்தது. நினைவு திரும்பவில்லை.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரைப் பொருத்திப் படுக்க வைத்தார்கள். மூளை டாக்டர் குஞ்சிதபாதம், நடுவயசுக்காரர், அதிகம் பேசாதவர், வெளியே வந்து முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"கீழ விழுந்ததுக்கும் நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

செம்மொழியின் சித்தப்பா முந்திக்கொண்டார். எந்த இடத்திலும் முந்திக்கொள்கிறவர் அவர். "அரை மணி நேரம் இருக்கும் சார். கரண்ட் வந்து அரை மணி கழிச்சுதான் யூனுஸு பார்த்திருக்கான். கரண்ட் வந்ததும் மோட்டரு தானா ஓடியிருக்கு. ஆட்டோல வச்சுட்டுப் போயிட்டான் அந்த ஒயர்மேன் காத்தான். அவன் கைய ஒடிக்கணும்."

டாக்டரின் முகம் சுருங்கியது. "அரை மணியா?"

"கூடவே இருக்கும் சார்."

செம்மொழி அங்கேதான் நின்றாள். தான் போன் போட்டதற்கும் அண்ணி அலறியதற்கும் நடுவே ஒரு செருப்பு மாட்டும் நேரம்தான் இருந்தது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் முடிந்தது. ஆனால் அண்ணி அவள் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தத் தோளிலிருந்து அந்தத் தலை விலகிப்போகும் என்று நினைத்ததுமே திறக்க வந்த வாயை மூடிக்கொண்டாள். இப்போது என்ன, சொன்னால் மட்டும் அண்ணன் எழுந்துவிடவா போகிறான் என்று ஒரு நியாயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பயந்தவர்களுக்கு நியாயம் கிடைப்பது ஒரு கஷ்டமே இல்லை.

மறுநாள் இ.இ.ஜி. எடுத்தார்கள். வேம்பு அதைத் 'தலைக்கு எடுக்கிற ஈசிஜி' என்றாள். எடுக்க வந்த பெண் விண்ணரசி, தலைமுடியை விலக்கி விலக்கிப் பசை தடவி, ஒயர் ஒயராக ஒட்டினாள். ஒயர் பட்டு விழுந்தவன் தலையில் இத்தனை ஒயரா என்று செம்மொழிக்குத் தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். திரையில் கோடுகள் ஏறக்குறைய படுத்துக்கொண்டே நகர்ந்தன. விண்ணரசி கையைத் தட்டினாள், நகத்தை அழுத்தினாள், "வீரையன்! வீரையன் சார்!" என்று காதருகில் கூப்பிட்டாள். கோடுகள் பாட்டுக்கு நகர்ந்தன.

டாக்டர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "மூளை முழிச்சுக்க வாய்ப்பு இருந்தா, சத்தத்துக்கோ வலிக்கோ இந்த அலை கொஞ்சமாவது மாறும். இவருக்கு மாறல. ஆனா தூக்க மருந்து இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அதுவும் அலையை அமுக்கும். அதனால இதை மட்டும் வச்சு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மருந்தை நிறுத்திட்டு இன்னும் ரெண்டு மூணு நாள் பார்க்கணும்."

வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள். "அரை மணி நேரம் மூச்சில்லாம கெடந்தவரு, பார்த்தா மட்டும் எந்திரிச்சுருவாரா சார்? உள்ளதச் சொல்லுங்க."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவு நேரம்ங்கறது உண்மைன்னா, கஷ்டம்தாம்மா. பொய் சொல்ல விரும்பல."

வெளியே வந்ததும் சித்தப்பா வேலையை ஆரம்பித்துவிட்டார். நம் பக்கத்தில் அது ஒரு வழக்கம். ஆஸ்பத்திரியில் அனாதையாக உயிர் போகக்கூடாது, வீட்டில் போகவேண்டும். கையால் அமுக்குகிற பையை வைத்து மூச்சு கொடுத்தபடி வண்டியில் கொண்டுபோய், கூடத்தில் கிடத்தி, உறவெல்லாம் வாயில் பால் ஊற்றியபின் பையை எடுத்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல முடியாது. சித்தப்பா போனில் பந்தல்காரனிடம் பேசினார், நாற்காலிக்குச் சொன்னார், தண்ணீர் கேனுக்கும் சொன்னார். வேம்பு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "அவரு வீட்டுலயே போகட்டும்" என்றாள்.

"நாளைக்குக் காலையில கொண்டு போயிருவோம்" என்றார் சித்தப்பா. "நீ என்னம்மா சொல்ற, செம்மொழி?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம், ஆட்டினாள். கூடப் பிறந்தவனை உயிரோடு கொண்டுபோய்க் கூடத்தில் கிடத்தத் தலையை ஆட்டினாள். அண்ணி வாங்கிவந்த இட்லியில் இரண்டைத் தின்னவும் செய்தாள்.

காலையில் வண்டி வந்துவிட்டது. ஒரு கையெழுத்துப் போட்டால் கிளம்பலாம். வேம்பு கவுன்ட்டர் பக்கம் போனபோது செம்மொழி ஐ.சி.யூ.வுக்குள் போய் அண்ணன் கால்மாட்டில் நின்றாள். சேற்றுப்புண் ஆறின தழும்புகளோடு அந்தக் கால்கள். தொட்டாள். சூடாக இருந்தன. இந்தச் சூட்டை வைத்துக்கொண்டா பந்தல் போடப் போகிறோம் என்று நினைத்தாள். விறுவிறுவென்று டாக்டர் அறைக்குப் போனாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், எங்கண்ணன் அரை மணி நேரம் கெடக்கல."

டாக்டர் நிமிர்ந்தார்.

"மோட்டரு தானா ஓடல சார். நான்தான் போட்டேன். இங்கேருந்து, என் போன்லேருந்து. போட்ட கொஞ்ச நேரத்துலயே அண்ணி கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடியே யூனுஸ் அமுக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு நல்லாத் தெரியும். நான் போடற வரைக்கும் அந்த ஒயர்ல கரண்டே கிடையாது."

அவர் அவளையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அப்ப அஞ்சு நிமிஷத்துக்குள்ளதான் இருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இது ரொம்பப் பெரிய வித்தியாசம்மா. அவரைக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு நான் தடுப்பேன். ஆனா முடிவு அவர் மனைவியோடது. ஏன் தடுக்கறேன்னு அவங்க கேட்பாங்க. அதை நீங்கதான் சொல்லணும்."

கவுன்ட்டருக்கு முன்னால், சித்தப்பா, வண்டி டிரைவர், யார் யாரோ நிற்க, செம்மொழி சொன்னாள். அழகாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். வேம்பு பேனாவைப் பிடித்தபடியே கேட்டாள்.

"நீயா போட்ட?"

"நாத்து காயுதுன்னு சொன்னீங்களே அண்ணி. அதான்..."

"போட்டது தெரியாமப் போட்ட. சரி. அத விடு." வேம்புவின் குரல் உயரவே இல்லை. "ரெண்டு நாளா அரை மணி அரை மணின்னு எல்லாரும் சொன்னோமே, பக்கத்துலதானே இருந்த? என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தானே இருந்த? இத வயித்துல வச்சுக்கிட்டா எங்கூட உக்காந்து இட்லி தின்ன?"

 

வேம்பு காகிதத்தைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு, "வண்டிய அனுப்பிடுங்க மாமா. பந்தக்காரன்கிட்டயும் சொல்லிடுங்க. எம்புருசன் எங்கயும் வரல" என்றாள். அதன்பிறகு அவள் செம்மொழியோடு பேசியது, தேவைக்கு மட்டும்.

தூக்க மருந்தை நிறுத்தினார்கள். மருந்து உடம்பைவிட்டு முழுக்க இறங்கட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் விண்ணரசி வந்து ஒயர்களை ஒட்டினாள். இந்தமுறை டாக்டரும் கூட நின்றார். கோடுகள் முன்புபோல் படுத்துக் கிடக்கவில்லை. மெதுவாகத்தான், ஆனால் விடாமல் அலை அலையாக ஓடின. கையைத் தட்டியபோது ஒன்றுமில்லை. "வீரையன்! வீரையன் சார்!" ஒன்றுமில்லை. விண்ணரசி திரும்பி வேம்புவைப் பார்த்தாள். "நீங்க கூப்பிட்டுப் பாருங்க அக்கா. பேரச் சொல்லி, நல்லா சத்தமா."

வேம்பு விழித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுத்தான் சொல்லவைப்பாள். "பேரா? நான் எப்படிம்மா..." என்று திணறினாள். புருஷன் உயிர் ஊசலாடுகிற இடத்திலும் அவளுக்கு வெட்கம் வந்தது.

"சரி, வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க."

வேம்பு குனிந்தாள். கொட்டகைப் பக்கம் இருப்பவனைக் கொல்லையில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், "ஏங்க!" என்றாள். "ஏங்க, இந்தா பாருங்க!"

திரையில் கோடுகள் சட்டென்று நெருங்கின. உயரம் குறைந்து, வேகம் கூடி, சில நொடி அப்படி ஓடி, மறுபடியும் பழையபடி விரிந்தன. விண்ணரசி மூச்சை இழுத்துக்கொண்டாள். டாக்டர், "இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார். "ஏங்க!" மறுபடியும் நெருங்கின. காலமெல்லாம் பெயர் சொல்லாமலே குடித்தனம் நடத்தியவளின் குரலுக்கு மட்டும் அந்த மூளை திரும்பிப் பார்த்தது.

"உறுதின்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர் வெளியே வந்து. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "அலை தொடர்ந்து ஓடுது, கூப்பிட்டா மாறுது. இப்படி இருக்கறவங்க நிறையப் பேர் முழிச்சிருக்காங்க. காத்திருப்போம்."

கண்ணாடிக்கு வெளியே நின்ற செம்மொழிக்கு, உள்ளே ஓடிப்போய் ஒருதரம் 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும்போல் இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீரையன் விழித்தான். சினிமாவில் வருவதுபோல் ஒரே நாளில் அல்ல. முதலில் கண் திறந்தது, பிறகு பார்வை ஆளைத் தொடர்ந்தது, வென்டிலேட்டரை எடுத்தார்கள், ஒருநாள் கரகரத்த தொண்டையில் "தண்ணி" என்றான். வேம்பு வாய்விட்டு அழுதாள். வார்டுக்கு மாற்றிய பிறகு, அண்ணி குளிக்கப் போயிருந்த நேரத்தில் செம்மொழி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு என்ன பாப்பா ஆச்சு?"

அவள் சொல்லிவிட்டாள். பொங்கலுக்குப் பதிந்து கொடுத்தது, நாற்று காய்ந்தது, ஒன்றை அழுத்தியது, யூனுஸ் அமுக்கியது, 108 வந்தது. சொல்லி முடித்துக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீரையன் மெல்லச் சிரித்தான். "அட கழுத. ப்யூஸப் புடுங்காமக் கை வச்சவன் நானு. ஒம்மேல என்ன இருக்கு?"

அன்றைக்குத்தான் செம்மொழி வயிறாரச் சாப்பிட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து, கூட ஒரு வடை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

மறுநாள் போனால் அவன் அதே முகத்தோடு கேட்டான். "எனக்கு என்ன பாப்பா ஆச்சு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் விளக்கினார். பழைய நினைவெல்லாம் இருக்கிறது. புதிதாக நடப்பதுதான் நிற்கவில்லை. ரத்தம் போகாமல் இருந்த நேரத்தில் மூளையில் முதலில் அடிபடுவது அந்த இடம்தான். "போகப்போகச் சரியாகலாம். நேத்து நடந்ததை இன்னைக்கு அவரா சொல்லட்டும். அன்னைக்கு நான் சொல்றேன், ஆள் திரும்பிட்டார்னு."

ஆக, செம்மொழி மறுபடியும் சொன்னாள். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை. "யாரக் கேட்டுப் போட்ட?" என்று கத்தி டம்ளரை வீசினான். அதற்கடுத்த நாள் கேட்டுவிட்டுச் சின்னப்பிள்ளைபோல் விசும்பி அழுதான். அவள் சொல்வதும் அவன் மறப்பதுமாகப் போயிற்று.

வேம்புவுக்கே பொறுக்கவில்லை. பேச்சில்லாதவள் பேசினாள். "என்கிட்ட கேட்டா, கரண்ட் அடிச்சிருச்சுங்கன்னு சொல்றேன். அவரும் சரிங்கறாரு. நீ எதுக்கு தெனம் தெனம் வந்து ஒப்பிக்கிற? அவருக்குத்தான் நெனவே நிக்கலையே."

"ஒருதரம் சொல்லாம இருந்து பார்த்துட்டேனே அண்ணி" என்றாள் செம்மொழி.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவளும் மனுஷிதானே. சில நாளிலேயே அவளுக்கு நேரம் பார்க்கத் தெரிந்துவிட்டது. அண்ணன் பசியோடு இருக்கும்போது சொன்னால் கோபம் வருகிறது. உடம்பு துடைத்து, இரண்டு இட்லி உள்ளே போனபிறகு சொன்னால் "அட கழுத" வருகிறது. அதனால் இட்லி ஆனபிறகே வர ஆரம்பித்தாள். தினமும் ஒரு மன்னிப்பு, காலை உணவுக்குப் பின் போடுகிற மாத்திரை மாதிரி. சொல்லிச் சொல்லிக் கதையும் வழுவழுப்பாகிவிட்டது. யூனுஸ் வருவான், 108 வரும், அதோடு முடிந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் போனாள். வீரையன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து முகம் பளிச்சென்று இருந்தது. வேம்பு பாத்திரம் கழுவப் போயிருந்தாள். செம்மொழி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை. "நேத்து சாயங்காலம் சித்தப்பா வந்தாரு" என்றான்.

செம்மொழி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். "அண்ணே! நேத்து வந்தத நீ..."

"சாத்துக்குடி வாங்கியாந்தாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, ஒனக்குப் பந்தலுக்கே சொல்லிட்டோம்டா, தண்ணிக் கேனு மொதக்கொண்டு சொல்லியாச்சுன்னு." அவன் ஒவ்வொரு சொல்லாக, விட்டுவிடாமல் பிடித்துக்கொள்பவன்போல் பேசினான். "ராவெல்லாம் அத நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன். காலையிலயும் இருக்குது. நீ சொன்னதும் இருக்குது. நீதான் மோட்டரப் போட்ட."

"ஆமாண்ணே."

"அது போவட்டும். நானும் ப்யூஸப் புடுங்கல." அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். விழித்த நாளிலிருந்து அப்படி அவன் யாரையும் பார்த்ததில்லை. "அரை மணி கெடந்தேன்னு சொல்லித்தான் தூக்கிட்டுப் போவப் பார்த்தாங்களாம். ஒனக்குத் தெரியுமே பாப்பா, அரை மணி இல்லேன்னு. அப்ப நீ எங்க இருந்த?"

வெளியூரில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. இத்தனை நாள் ஒப்பித்த கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை.

"அங்கதாண்ணே இருந்தேன்" என்றாள். "நீ என்னம்மா சொல்றன்னு சித்தப்பா கேட்டாரு. நான் சரின்னு தலையாட்டினேன்."

வீரையன் கத்தவில்லை, அழவில்லை, "அட கழுத" என்றும் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வராத" என்றான். "எனக்கு எப்பத் தோணுதோ, அப்ப நானே கூப்பிடறேன்."

நாளை அவன் இதை மறந்திருக்க மாட்டான். அவள் எழுந்து ஸ்டூலை அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் வேம்பு கழுவிய பாத்திரங்களோடு எதிரே வந்தாள். செம்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரக் கூப்பிடுங்க அண்ணி. அண்ணனுக்கு நெனவு நின்னுருச்சு. நேத்து நடந்ததெல்லாம் சொல்லுது."

வேம்புவின் கையிலிருந்து கிண்ணம் நழுவி உருண்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் செம்மொழியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ், சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனாள். செம்மொழிக்குச் சந்தோஷமாகவும்தான் இருந்தது.